சோடி சேராத சில்லுகள்

எனக்கு எழுத்து ஓடாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கடையில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். வாடின கறிவேப்பிலையைத் தந்தாலும் சிரித்துக்கொண்டு வாங்கி வருவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒருநாள் கடைக்காரரோடு வாதாடினேன். வென்றும்விட்டேன். அதுதான் வினை.

என் மகள் தாரணிக்கு பாங்கில் வேலை. சைக்கிள் ரேஸ் என்று ஒரு பைத்தியம். இரண்டு ரேஸ் ஓடி இரண்டிலும் பாதியில் நின்றவள். "அம்மா, இந்தமுறை கடைசியா வந்தாலும் பரவாயில்ல, முடிக்கோணும்" என்று தினமும் விடியக்காலையில் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்குச் சைக்கிள் ஓடிப் பழகினாள். சைக்கிளின் பழைய சில்லு, அதுதான் சக்கரம், இரண்டும் கோணல். புதுசுக்குக் கொட்டாஞ்சேனைக் கடையில் சொல்லிவைத்திருந்தாள். ரேசுக்கு முதல்நாள் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எடுத்துவர நான் போனேன்.

கடைக்காரர் இரண்டு சில்லைக் கொண்டுவந்து வைத்தார். டயரைத் தாங்குகிற வளையம், ரிம் என்பார்களே, அது ஒன்றில் இரண்டு விரல் ஆழம். மற்றதில் நாலு விரல்.

"தம்பி, இது சோடி இல்லையே?"

"அப்பிடித்தாம்மா. ஆழமான ரிம் காத்த வெட்டிட்டுப் போகும். ஆனா பக்கக் காத்து அடிச்சா ஹேண்டில இழுத்துரும். மக மெலிஞ்ச ஆள். அதான் முன்னுக்கு ஒல்லி, பின்னுக்கு ஆழம்."

காற்றை வெட்டுகிற சாமானைக் காற்று எப்படி இழுக்கும்? ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காப்பு சோடி, குத்துவிளக்கு சோடி, செருப்பு சோடி. (விலைபோகாத ஒற்றைச் சில்லை என்ர தலையில கட்டப்பாக்கிறார் எண்டு மனசு சொல்லிச்சு.)

"ரெண்டும் ஆழமாத் தாங்கோ."

"மகளுக்கு ஒரு போன் கோல் எடுக்கட்டாம்மா?"

"வேண்டாம், வேலை நேரம்." என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

த்ரீவீல் ஓட்டோவில் திரும்பும்போது காலிமுகத்திடலில் கடற்காற்று ஒரு சில்லைப் பிடித்து இழுத்தது. நானும் அதோடு பாதி வெளியே. "அம்மே, ரோதே அத்துலட்ட கன்ன!" சில்லை உள்ளே எடுக்கச் சொல்லித் த்ரீவீல்காரர் சிங்களத்தில் கத்தினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல உசாரான சில்லு என்று பெருமைப்பட்டேன்.

பின்னேரம் வந்த தாரணி சில்லைப் பார்த்ததும் தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள். "ஐயோ அம்மா, முன்சில்லும் ஆழமோ? கடலோரம் ஓடுற ரேஸ்!"

கடை பூட்டியாகிவிட்டது. காற்று அடிக்கக் கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். அவர் அன்றைக்கு வேறு வேலையில் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலிமுகத்திடலில் சோளகக் காற்று ஆளைத் தள்ளியது. மற்றவர்கள் எல்லாரும் போய் மறைந்த பிறகு, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு தாரணி வந்தாள். வந்தவள் நேரே எனக்குப் பக்கத்தில் நின்ற இறால் வடை வண்டிக்குள் போனாள். நல்லகாலம், காயமில்லை. தலையெல்லாம் வெங்காயம்.

"நேரா ஓடன் பிள்ளை!"

"நானோ ஓடுறன்? உங்கட சோடியெல்லோ என்னை ஓட்டுது!"

அவள் கண் கலங்கினதைக் கண்டதும் என் கூச்சம் எங்கேயோ போய்விட்டது. கடல் பக்கமாக நின்று சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தேன். (நான் கொஞ்சம் அகலம்.) அவள் மெல்ல மிதிக்க, நான் மதில் மாதிரிப் பக்கத்தில் ஓடினேன். கட்டடங்கள் காற்றை மறைக்கிற இடம்வரை கொண்டுபோய் விட்டபோது சனம் கைதட்டியது. எனக்கா, வடைக்காரருக்கா, தெரியாது.

முடிவுக்கோட்டுப் பதாகையை மடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். முடித்துவிட்டாள்.

போன ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அவளைவிட ஒரு முழம் உயரம். மணவறையில் நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"பயப்படாதேங்கோ மாமி, நான் பின்சில்லு."

ஐயருக்கே மந்திரம் தடுமாறியது. அன்றிலிருந்து வீட்டில் மருமகனுக்கு அதுதான் பெயர்.

ஒல்லி முன்னுக்கா, ஆழம் முன்னுக்கா என்று எழுதும்போதே எனக்குக் குழம்புகிறது. சைக்கிள் தெரிந்த ஆராவது பார்த்துத் திருத்திவிடுங்கோ. பின்சில்லிடம் மட்டும் கேட்க வேண்டாம்.