நாலு மீட்டரைத் தாண்டாத ஆறு

அன்பும் படிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் உலர்ந்த இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சௌக்கியமா என்று கேட்காதீர்கள். இந்தத் தாளே இஸ்திரி போட்டுக் காயவைத்த தாள்.

முப்பத்தோரு வருடம் பாலத்தடியில் ஆற்றின் அளவு பார்த்தவன் நான். தூணில் வரைந்த கோடுகளைப் பார்த்து நாளுக்கு மூன்று வேளை பதிவேட்டில் எழுதுவதே என் பிழைப்பு. நீங்களோ, மலையில் பெய்யும் மழை எந்த ஓடை வழியாக எத்தனை மணிக்கு எங்கள் தெருவுக்கு வரும் என்று சொல்ல, கணினிக்குள்ளேயே ஓர் ஆற்றைக் கட்டி வைத்திருப்பவர். காலில் சேறு ஒட்டாத ஆறு. போன விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "மாமா, சிவப்பா இருக்கிற தெருதான் முழுகும். நம்ம வீடு பச்சை. உங்க கடைசிப் பன்னிரண்டு வருஷப் பதிவேட்டை வச்சுத்தான் மாடலே போட்டிருக்கேன். ஆறு ஒரு தடவைகூட நாலு மீட்டரைத் தாண்டல. இவ்வளவு சுத்தமான கணக்கு வேற எங்கயும் கிடைக்கல, ஒரு நாள்கூட விடுபடல" என்றீர்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்து உங்கள் அத்தை பெருமைப்பட்டாள்.

அந்தப் பச்சையை நம்பி நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் மிஷினை மாடிக்குத் தூக்கினார். ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டவரிடம் போனில் நீங்கள் அனுப்பிய வெள்ள வரைபடத்தைக் காட்டி, "நம்ம தெரு பச்சை, சும்மா உக்காருங்க" என்று சிரித்தேன். "எனக்கு நிறமெல்லாம் துணியிலதான் தெரியும் சார்" என்று அவர் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பதினொரு மணிக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது. உங்கள் அத்தை, "மாப்பிள்ளை சொன்னா சொன்னதுதான், படியோட நின்னுடும்" என்று சொல்லி முடிப்பதற்குள் மாவு டின் கூடத்துக்கு மிதந்து வந்து, பின்னாலேயே செருப்பும் வந்து, மூன்று மணிக்கு பிரிட்ஜ் மல்லாந்து படுத்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் மேசைமேல் ஏறி நின்றோம். சாயப்பட்டறைக் கழிவு வெள்ளத்தில் நீர்த்துப்போகும் என்றும் உங்கள் மாடல் சொன்னதாம். நீர்த்துத்தான் போனது, என் பீரோவுக்குள். வெள்ளைச் சட்டை ஆறும் ஊதா. தையல்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், இப்பவும் பச்சைதானா?" என்றார்.

அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை. தண்ணீர் உள்ளே வந்ததிலிருந்தே, மேசைமேல் ஏறிய பிறகும், மணிக்கொரு தடவை சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையை எந்த மாடலாலும் கணிக்க முடியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, மாப்பிள்ளை. ஆற்றங்கரையில் ஒரு வாரமாவது உட்கார்ந்து பார்க்காமல் ஆற்றுக்கு ஜாதகம் எழுதலாமா? உங்களை நம்பிய ஊரே நனைந்து கிடக்கிறது. மகள் போன் செய்து அழுதாள். "எல்லாரும் அவர்மேலயே பழியைப் போடுறாங்கப்பா. திங்கட்கிழமை விசாரணை. வேலையே போயிடும்போல இருக்கு. நீங்களாவது அவருக்கு ஆறுதலா நாலு வார்த்தை எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு, காய்ந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மேசைமேல் நின்ற மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை துணி உலர்த்தத் தையல்காரர் மாடிக்குப் போயிருக்கிறாள். அவள் இறங்குவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். பாலத்தடிக்கு எண்பத்து நாலு படி. கடைசிப் பன்னிரண்டு வருடம் முழங்கால் வலியில் நான் இறங்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து, நேற்றைய எண்ணோடு வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதினேன். நாலு மீட்டருக்கு மேல் எழுதினால் அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார் என்பது விதி. அதனால் ஆற்றை நாலைத் தாண்ட நான் விட்டதே இல்லை. இரண்டு தடவை அது ஐந்தைத் தாண்டியது எனக்கே பாலத்தடி டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். மேசையில் நீங்கள் என் பதிவேட்டைப் புகழ்ந்தபோது சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முன்னால் வெட்கமாக இருந்தது. கணினியில் பச்சையாகப் பார்த்ததும் என் பொய்யை நானே நம்பிவிட்டேன்.

உங்கள் மாடல் தப்புச் செய்யவில்லை. நான் எழுதிய ஆற்றை அது சரியாகத்தான் கணித்தது. திங்கட்கிழமை இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடுங்கள், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பதினொன்றேகாலுக்குப் பதினைந்து சென்டிமீட்டர், நாலேகாலுக்கு நூற்றுப் பதினெட்டு. நடுவில் நாலு கோடுகள் இருக்கின்றன, வந்து அளந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் கண்ணால் பார்த்து எழுதியவை அந்த ஆறும்தான்.