ரிப்பன் வெட்டாத ஆஸ்பத்திரி

ஒரு காட்டுல ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு. எந்தக் காடுன்னு கேக்காதீங்க. சொன்னா, எங்க காட்டத்தான் சொல்றியான்னு நாலு பேரு சண்டைக்கு வருவாங்க.

முந்தின வருஷம் அங்க குலுக்குக் காய்ச்சல் வந்து காடே பாதியாப் போச்சு. மிச்சமிருந்த மிருகங்க கூடி அழுதுச்சுங்க. சிங்கராஜாவும் அழுதாரு. அழுது முடிச்சு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, அடுத்த தடவை காய்ச்சல் வந்தா நாம தயாரா இருக்கணும்னாரு. அதுக்குத்தான் இந்த ஆஸ்பத்திரி. வாசல்ல பெரிய போர்டு: "யானைக்கும் எறும்புக்கும் ஒரே மருந்து, ஒரே வரிசை." போர்டை யானை உசரத்துல மாட்டுனதால எறும்புக்கு மட்டும் விஷயம் தெரியாது.

கட்டுனது காண்ட்ராக்டர் கழுதைப்புலி. முன்பக்கம் பளபளன்னு கல்லு பதிச்சாரு. பின்பக்கச் சுவத்துக்கு வெறும் ஆத்துமணலு, மேல ஒரு பூச்சு. ஏன்யா இப்படின்னு கேட்டதுக்கு, ரிப்பன் முன்னாடிதானே கட்டுவீங்கன்னு திருப்பிக் கேட்டாரு. நியாயம்தான்.

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். ராஜா வந்து ரிப்பன் வெட்டாம எதையும் யாரும் தொடக்கூடாது. ஆத்துல பாலம் கட்டி மூணு வருஷமாச்சு. மானுங்க இன்னமும் நீந்தித்தான் போகுதுங்க, பாலத்தோட நிழல்ல. ஆஸ்பத்திரி திறக்கவும் நாள் பாத்தாங்க. ஆடி மாசம் வேணாம், ஆவணியில வச்சுக்கலாம்னு ராணி சொல்லிட்டாங்க. மருந்தெல்லாம் அலமாரியில அடுக்கி, கதவைப் பூட்டி, குறுக்க செவப்பு ரிப்பன் கட்டி, காவலுக்குப் பெரிய டாக்டர் கொக்கை நிறுத்துனாங்க.

காய்ச்சலுக்கு ஆடி, ஆவணி தெரியல. ஆடி மூணாந்தேதியே வந்துருச்சு.

மொதல்ல வந்து நின்னது பெருச்சாளி மங்கத்தாயி. முதுகுல குட்டி, ஒடம்பு அனலாக் கொதிக்குது. போன வருஷம் அஞ்சு குட்டியில நாலைக் காய்ச்சல் கொண்டு போயிருச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.

"ஐயா, மருந்து உள்ளதானே இருக்கு?"

"எல்லாம் ரெடியா இருக்கும்மா"ன்னாரு கொக்கு, நின்ன ஒத்தக்கால மாத்தாம.

"ஒரு மாத்திரை குடுங்க சாமி."

"ஒண்ணு எடுத்தாலும் அலமாரியில அந்த எடம் பல்லு போன மாதிரி தெரியும்மா. ராஜா வந்து பாத்தா என்ன நெனைப்பாரு?"

"சரி, ராஜா எப்ப வருவாரு?"

கொக்கு குரலத் தாழ்த்துனாரு. "அவருக்கும் காய்ச்சல். எந்திரிச்சு வந்து ரிப்பன் வெட்டுவாரு. அப்புறந்தான் மருந்து சாப்புடுவாரு."

மங்கத்தாயி கொக்கை ஏற எறங்கப் பாத்தா. படிச்சவங்க கிட்ட என்னத்தப் பேசறதுன்னு குட்டியோட ஒதுங்கிட்டா.

அன்னிக்கு மத்தியானம் வாசல்ல ஒத்திகை. காய்ச்சலுக்கு இல்ல, திறப்பு விழாவுக்கு. முயலு சிங்கம் மாதிரி நடந்து வரணும், கரடி மாலை போடணும், கொக்கு சல்யூட் அடிக்கணும். "வருக, வரு..."ன்னு கரடி ஆரம்பிக்கும், பாதியில இருமல் வந்துரும். மறுபடியும் மொதல்லேருந்து.

எல்லாரும் முன்னாடி இருந்த அந்த நேரத்துல மங்கத்தாயி பின்பக்கம் போயி சுவத்தை மோந்து பாத்தா. ரெண்டே பறண்டு. அவளுக்காகவே காத்திருந்த மாதிரி சுவரு பொலபொலன்னு உதுந்து வழிவிட்டுச்சு. உள்ள போயி காய்ச்சல் மாத்திரைய எடுத்தா. முன்வரிசையத் தொடல, பின்வரிசையிலதான் எடுத்தா. கொக்கு மனசு நோகக்கூடாதுல்ல.

சாயங்காலம் குட்டி கண்ணு முழிச்சு, பசிக்குதுன்னுச்சு.

சேதி பரவிருச்சு. மறுநாள் அந்தப் பொந்து வாசல்ல எறும்பு நிக்குது, அதுக்குப் பின்னால யானை, தும்பிக்கைய நீட்டிக்கிட்டு. போர்டுல எழுதுனது பின்பக்கம் நடந்துச்சு. மங்கத்தாயி உள்ள ஒக்காந்து எடுத்து எடுத்துக் குடுத்தா. நாலாம் நாள் வரிசையில முக்காடு போட்டுக்கிட்டு ஒருத்தர் நின்னாரு. பிடரி மயிரு முக்காட்டுக்குள்ள அடங்கல. முன்னால நின்ன ஓணான் திரும்பிப் பாத்து, பெரியவரே, இடிக்காம நில்லுங்கன்னுச்சு. அவரு ரெண்டடி பின்னால போயிட்டாரு.

ஆவணி பொறந்துச்சு. காய்ச்சலும் ஓய்ஞ்சிருச்சு. ராஜா ஜம்முனு வந்து ரிப்பன் வெட்டுனாரு. அலமாரியில முன்வரிசை கச்சிதமா இருந்துச்சு. இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒரு உசுருகூடப் போகலன்னு சொல்லி, கொக்குக்குப் பொன்னாடை போத்துனாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் பின்பக்கம் போயி பொந்தப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. தெரிஞ்ச எடமாச்சே.

இது காட்டுக்கே அவமானம், இந்தச் சுவத்தை இடிச்சு ஒழுங்காக் கட்டுங்கன்னாரு. வேலை மறுபடியும் கழுதைப்புலிக்குத்தான்.

மணலு வந்து எறங்குறப்ப மங்கத்தாயி குட்டியோட அங்க வந்தா. திட்டத்தான் வர்றான்னு கழுதைப்புலி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அண்ணே, கும்புடுறேன். இந்தத் தடவையும் அதே மாதிரி கட்டுங்க."

கழுதைப்புலிக்குக் கண்ணு கலங்கிருச்சு. இத்தனை வருஷத்துல அவரு வேலைய யாரும் மெச்சுனதே இல்ல.

"கவலப்படாத தங்கச்சி. எனக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது."

நீதி: ஆஸ்பத்திரி கட்டுறவங்க பின்சுவத்துக்கு சிமெண்ட்டக் கொறச்சே போடுங்க. ஏழைங்க அந்தப் பக்கமாத்தான் உள்ள வரணும்.