வெண்கலம் வந்தாச்சு, பொண்ணை இறக்கி விடு

சித்தூர்
செவ்வாய் இரவு

பெருமதிப்பிற்குரிய அண்ணா தனசேகர் அவர்களுக்கு,

தங்கை தேவசேனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அபுதாபியில் தாங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். இங்கே என் வீட்டுக்காரர், மாமனார், நான் ஆகிய மூவரும் உடம்பளவில் நலம். நான்காவது ஆளான என் மகள், தங்கள் மருமகள் பிரித்திகா தற்சமயம் தங்கள் ஊரில்தான் இருக்கிறாள் என்பதால், அவள் நலமா என்பதைத் தாங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

போனில் பேசாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே இந்த வீட்டில் சுவருக்கெல்லாம் காது முளைக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு, அண்ணியிடம்கூடக் காட்டாதே. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குச் சாயங்காலம் அங்கே ஆசிய ஜூனியர் குத்துச்சண்டைப் போட்டியில் ஐம்பது கிலோ பெண்கள் அரையிறுதி. அந்த மேடையில் நம்ம பிரித்திகா ஏறக் கூடாது. எப்படித் தடுப்பாயோ எனக்குத் தெரியாது, தடுத்துவிடு.

ஊரே கொண்டாடும்போது உனக்கு மட்டும் என்னடி கஷ்டம் என்று நீ நினைப்பது எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கு, கேளு. பதினாறு வயசுப் பொண்ணு வெளிநாடு போக அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும்னு சொன்னாங்க இல்லையா, இவர் பேனாவை மூடி திறக்கறதுக்குள்ள போட்டுட்டார். நான் போடலை. பொண்ணைக் கூட்டிக்கினு காணிப்பாக்கம் போனேன். கோயில் குளத்துல முழுக வெச்சு, ஈரத்தோட சந்நிதியில நிறுத்தி, "சொல்லு" ன்னேன். "ஒரு சர்வதேச மெடல் கிடைச்சதும் கிளவுஸைக் கழட்டிடறேன், அப்புறம் படிப்பு மட்டும்தான், சத்தியம்" னு சொன்னா. சாதாரணப் பிள்ளையாரா அவர்? அவர் முன்னாடி பொய் சத்தியம் பண்ணினவங்க கதி என்னாச்சுன்னு நம்ம பக்கத்துல யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்வாங்க. கொடுக்கல் வாங்கல் தகராறுல கோர்ட்டுக்குப் போக அஞ்சாதவன்கூட அங்க போக அஞ்சுவான். அந்தத் தைரியத்துலதான் கையெழுத்து போட்டேன்.

முதல் சண்டை ஞாயித்துக்கிழமை. நான் பார்க்கலை. இவ சண்டை எதையுமே நான் பார்த்ததில்லை, உனக்குத் தெரியும். சமையல்கட்டுல நின்னுக்கினு சத்தத்தை மட்டும் கேட்பேன். என் மாமனார் வேதாச்சலம் பஸ் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர் இல்லையா, போனைப் பார்த்துக்கினே "போலாம் ரைட், போலாம் ரைட்" னு கத்தறார். திடீர்னு "போச்சு! போச்சு!" ன்னார். நான் கையில இருந்த சாம்பார் சட்டியோட ஓடி வந்து, அது பாதி ஹால்ல, பாதி இவர் முழங்கால் மேல கொட்டி, இவர் துள்ளி, போன் சோஃபாவுக்கு அடியில போய், கடைசியில பார்த்தா போனது நெட்டு. பொண்ணு ஜெயிச்சுட்டு உட்கார்ந்து தண்ணி குடிச்சிக்கினு இருக்கா. இவர் முழங்கால் இன்னும் சிவப்பா இருக்கு, "ஜெயிச்ச வீட்டுல எனக்குத்தான் காயம்" னு வர்றவங்ககிட்டல்லாம் லுங்கியைத் தூக்கிக் காட்டறார், எனக்கு மானம் போகுது.

நேத்து காலிறுதி. அதுலயும் ஜெயிச்சா, ஆனா மூக்குல ரத்தம். இதை யாரும் என்கிட்ட சொல்லலை, பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்து வாழ்த்து சொல்றப்ப "பாவம், மூக்கு ஒடையாம இருக்கணும்" னு சேர்த்து சொல்லிட்டுப் போனாங்க. நான் அழறதைப் பார்த்து இவர், "ஏன் அழறே, மெடல் கன்ஃபர்ம் ஆயிடுச்சு!" ன்னார். இன்னும் ரெண்டு சண்டை பாக்கி இருக்கும்போது எப்படி கன்ஃபர்ம்னு கேட்டேன். குத்துச்சண்டையில மூணாவது இடத்துக்குத் தனியா சண்டை கிடையாதாம், அரையிறுதிக்கு வந்துட்டாலே மெடல்தானாம், அதுல தோத்த ரெண்டு பேருக்குமே வெண்கலமாம். "திருப்பிச் சொல்லுங்க" ன்னேன். சொன்னார். "இன்னொரு தரம்" னேன். சந்தோஷத்துல கேக்கறேன்னு நினைச்சு, விரலை நீட்டி நீட்டி விளக்கினார் மனுஷர். முடிச்சதும் சொன்னேன்: "அப்ப மெடல் கிடைச்சாச்சு. சத்தியப்படி கிளவுஸைக் கழட்டச் சொல்லுங்க."

நீட்டின விரலை ஒண்ணொண்ணா மடக்கிக்கினார் அண்ணா.

அப்புறம் ஆரம்பிச்சுது பஞ்சாயத்து. மாமனார் சொல்றார், "ஏம்மா, டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தமா? பஸ்ல குந்திக்கினு இருக்கற வரைக்கும் பிரயாணம்தாம்மா." இவர், "மெடல் கழுத்துல விழணும், அப்பதான் கிடைச்ச மாதிரி" ன்னார். நான் இவர் கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போய்த் தெருமுனையில நிறுத்தினேன். அங்க இவரே ஆர்டர் குடுத்து வெச்ச ஃப்ளெக்ஸ் பத்தடிக்கு நிக்குது. அதுல பிரித்திகா கழுத்துல இவ்ளோ பெரிய மெடல் தொங்குது. எவனோ ஒரு கபடிக்காரன் கழுத்துல இருந்து வெட்டி ஒட்டினது, அவன் மீசை நுனிகூடக் கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்கு. "இது என்ன?" ன்னு கேட்டேன். "ஃப்ளெக்ஸ் வேற, சாமி வேற" ன்னு முணுமுணுத்துட்டு வீட்டுக்குள்ள போய்ட்டார்.

இன்னைக்குக் காலையில முதல் பஸ் பிடிச்சு திருப்பதி போய், அவளுக்குக் கத்துக்குடுத்த ஸ்ரீஹரி சாரைப் பார்த்தேன். "ஏமம்மா, பயமா?" ன்னு சிரிச்சார். "சார், நாளைக்கு இவ மேடையே ஏறலைன்னா?" "ஏறலைன்னா அந்தப் பொண்ணு ஃபைனலுக்குப் போகும், அவ்ளோதான்." "இவளோட வெண்கலம்?" "அது எங்க போகும், அது இருக்கும்" னு சொல்லிட்டு, சொல்லியிருக்கக் கூடாதுன்னு அவருக்கே உறைச்சு, விசிலை வாயில வெச்சுக்கினு கிரவுண்டுக்குள்ள ஓடிட்டார். பின்னாடியே போய்க் கேட்டேன், எதிர்ல வர்றது கஜகஸ்தான் பொண்ணாம். இதுவரைக்கும் அது ஜெயிச்சது எல்லாமே நடுவர் பாதியில கையைக் குறுக்கே போட்டு நிறுத்தினதாம். அண்ணா, நடுவர் எப்ப நிறுத்துவார்? அடி தாங்காதுன்னு அவருக்கே தெரியறப்பதானே? பெத்தவளுக்கு அதுக்கு முன்னாடியே தெரியக் கூடாதா?

சாயந்திரம் பிரித்திகாவுக்குப் போன் போட்டேன்.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளிம்மா."

"அந்த வெயில் ஊர்ல என்னடி சளி?"

"ஏசி."

"மூக்கு?"

"முகத்துலயேதான் இருக்கு."

சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். அவ ரொம்ப நிதானமா, "அம்மா, மெடல் இன்னும் அவங்க பெட்டியில இருக்கு. கடைசி நாள்தான் குடுப்பாங்க. கிடைச்சதும் கழட்டறேன்னுதானே சொன்னேன், இன்னும் கிடைக்கலையே" ங்கறா. "பிள்ளையார்கிட்டயே வக்கீல் வேலை பாக்கறியா?" ன்னேன். "நைனாகிட்ட போனைக் குடு" ன்னா. அப்பனும் பொண்ணும் போனோட ரூமுக்குள்ள போய் அரை மணி நேரம் சிரிக்கறாங்க. நான் வெளிய நின்னுக்கினு துணி மடிச்சேன், மடிச்சதையே திருப்பி மடிச்சேன்.

அதனால அண்ணா, உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லை. பிரியாணி வாங்கிக் குடுத்து எடையை ஏத்திடலாமான்னு முதல்ல யோசிச்சேன். காலையில எடை பார்க்கறப்ப தப்பினா மெடலே போயிடுமோன்னு பயமா இருக்கு, அது வேணாம். நீ விடிஞ்சதும் அவங்க ஓட்டலுக்குப் போ. அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு சொல்லு. பொய்யான்னு தயங்காதே. நான் சொன்னாத்தான் காணிப்பாக்கத்துக்குக் கேட்கும், நீ கடல் தாண்டி இருக்கே. அவ அழுவா. அழட்டும், அவ வந்ததும் நான் சமாதானம் பண்ணிக்கறேன். வெண்கலம்னா என்ன கேவலமா? ஆசியாவுலயே மூணாவது ஆள் நம்ம வீட்டுல சோறு துன்னப் போறா, எனக்கு அது போதும். அவ முகம் அனுப்பின மாதிரியே திரும்பி வந்தா போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். தாங்களும் தங்கள் குடும்பமும் நோய் நொடியில்லாமல் வாழ எல்லா தெய்வமும் துணை நிற்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை,
தேவசேனா

பி.கு.: அண்ணா, ஓட்டலுக்குப் போகாதே. நெஞ்சு வலியெல்லாம் வேணாம். இதைப் போட்டோ எடுக்கப் போனப்ப அந்தக் கஜகஸ்தான் பொண்ணோட பழைய சண்டை வீடியோ போன்ல வந்து நின்னுச்சு. ஒரு தரம் விரல் இடுக்கு வழியாப் பார்த்தேன். அப்புறம் கையை எடுத்துட்டே பார்த்தேன், இப்ப இவரையும் எழுப்பி உட்கார வெச்சுப் பார்த்துக்கினு இருக்கோம். அந்தப் பொண்ணு வலது கையை வீசறப்பல்லாம் முழங்கை மேல போய், வலது விலா அப்படியே திறந்து கிடக்கு. நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படிச்சவ, அதுக்குள்ள இருக்கறது கல்லீரல், அங்க ஒண்ணு விழுந்தா ஆள் நிக்க முடியாது. இதை யாரும் பார்க்கலையா? பிரித்திகா எழுந்ததும் முதல்ல நீ போன் போட்டுச் சொல்லு, அந்த வலது கை வந்ததும் பின்னாடி போகாதே, உள்ள போய் இடது கையால கீழ விலாவுல போடுன்னு அம்மா சொல்றான்னு. மெடல் பெட்டியிலதானே இருக்கு, பிள்ளையாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிடு. அந்தப் பொண்ணையும் ஒருத்தி பெத்திருப்பா, மூக்குல மட்டும் அடிக்க வேணாம்.