ஜெர்மன் மிஷினுக்கு ஒரு மாச ஓய்வு

எனக்கு ஜெர்மன் தெரியாது. மூன்று வருடம் அதைப் படித்தவன் என்பதால் இதை உறுதியாகவே சொல்ல முடியும்.

அறுபதுகளில் கோயமுத்தூரில் பி.ஏ. படித்தபோது ஜெர்மனை எடுத்துக்கொண்டேன். வகுப்பில் ஐந்தே பேர். எழுத்துக்கூட்டிக் கணீரென்று வாசிப்பேன்; அர்த்தம்தான் வராது. ஆனால் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் நான் ‘ஜெர்மன் படிக்கிற தம்பி’. அப்பா பொங்கலூர்த் தோட்டத்தில் பாதியை விற்று, கல்கத்தாவிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் நிட்டிங் மிஷினை வாங்கிப் போட்டிருந்தார். அந்த ஒற்றை மிஷினை நம்பித்தான் எங்கள் ஊட்டில் அடுப்பு எரிந்தது.

மூன்றாம் வருட ஆயுத பூஜையில் மிஷினுக்குச் சந்தனம் வைக்கும் கௌரவம் எனக்குக் கிடைத்தது. (படிச்ச புள்ளையாச்சே!) கஞ்சத்தனம் பார்க்காமல், ஊசிகள் வட்டமாக நிற்கிற இடம் முழுக்கக் குழைத்து அப்பினேன். மேலே குங்குமம். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டார்கள். மிஷின் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது.

மிஷினோடு வந்த ஜெர்மன் புத்தகத்தை அப்பா என் கையில் கொடுத்தார்.

“என்ன போட்டிருக்குதுன்னு பாரு கண்ணு.”

தெரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மானம் போய்விடுமே! ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, “ஒரு மாசம் ஓய்வு குடுக்கோணும்னு போட்டிருக்குதுங்கப்பா” என்றேன்.

“எனக்கே அத்தன நாள் லீவு கெடையாதுங்களே” என்றார் ஃபிட்டர் பழனிச்சாமி அண்ணன். ஆனாலும் புத்தகமே சொல்லிவிட்டது. மிஷினுக்கு வேட்டியைப் போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள்.

மாசம் முடிந்தது. மிஷின் அசையவில்லை. அதே வாரம்தான் கல்லூரியில் ஜெர்மன் வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கும் கூட்டம். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை வேறு வந்திருந்தார். என் தலைப்பு, ‘ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளில் ஓநாய்’. (நான் ஓநாயைப் பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்கு அது தடையாக இல்லை.)

பெருமை தாங்காமல் ஊட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் சீர் கொண்டு வருவதுபோல ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அம்மா கையில் தேங்காய் பழத் தட்டு, மாமா கையில் மாலை, பின்னால் பழனிச்சாமி அண்ணன். மற்ற நாலு பேருக்கும் யாரும் வரவில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

ஓநாயை ஒரு வழியாக முடித்தேன். “கேள்வி இருந்தால் கேட்கலாம்” என்றார் எங்கள் பேராசிரியர். அப்பா எழுந்தார். மஞ்சப்பையிலிருந்து மிஷின் புத்தகம் வெளியே வந்தது.

“ஏனுங்க, பையன் படிச்சுச் சொன்னபடி ஒரு மாசம் ஓய்வு குடுத்துட்டமுங்க. இன்னும் ஓட மாட்டேங்குதுங்க. அடுத்து என்ன செய்யோணும்னு அந்த அம்மணியக் கேட்டுச் சொல்லுங்க.”

அந்தம்மாள் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தைக் காட்டி, என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உச்சரிப்பு அன்றைக்குப் போல என்றைக்கும் அமைந்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தம்மாள் ஆங்கிலத்தில் விளக்க, எங்கள் பேராசிரியர் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்.

“ஊசிகள் பக்கத்தில் பொடி, பசை எதுவும் படவே கூடாதாம். பட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டுமாம்.”

“ஓய்வுன்னு எங்கீங்க போட்டிருக்குது?”

“ஓய்வா? அப்படி எதுவும் இல்லையே!”

பழனிச்சாமி அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “சந்தனமுங்களா, தம்பி?”

பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்றே கூப்பிட்ட அப்பா, மேடைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “வாங்க. ஊட்டுக்குப் போலாமுங்க.” அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி, ஒவ்வொரு ஊசியாக மண்ணெண்ணெயில் கழுவினேன். மூன்றாம் நாள் மிஷின் ஓடியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். “செரி உடு கண்ணு” என்றார் அப்பா. மறுபடி ஒருமைக்கு வந்ததில்தான் எனக்கு உயிரே வந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஊட்டில் ரேடியோ நின்றாலும், கிரைண்டர் நின்றாலும், யாராவது ஒருவர் என்னைப் பார்த்தபடி, “ஒரு மாசம் ஓய்வு குடுங்க” என்பார்கள்.

போன வருடம் எனக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும், டாக்டர், “ஒரு மாசம் கட்டாயம் ஓய்வு” என்றார். மகனும் மருமகளும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள். பாவம், டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் மனைவிதான் சிரிக்காமல் கேட்டாள்: “எந்தப் பக்கத்துலீங்க போட்டிருக்குது?”