வெள்ளி மதியத்துக்குள் ஓக் தரை

ஓக் மரப் பலகைத் தரையில் கீறல் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. நார்பர்ட் சாஸ்ட்ரோ தரையோடு கன்னத்தை ஒட்டி ஒற்றைக் கண்ணால் அளந்தார். மேலிருந்து பார்த்தாலும், பக்கவாட்டில் பார்த்தாலும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் கீறல் கீறலாகவே இருந்தது.

மான் வேட்டை உரிமச் சீட்டு, எப்படியோ சாப்பாட்டு அறைப் பாத்திர அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுப்பதற்காக அலமாரியை இழுத்தார். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் மரம் வைக்க வருஷா வருஷம் இழுக்கும் அதே அலமாரி. இந்த வருஷம் அதற்கு என்ன கோபமோ.

அன்று செவ்வாய். மனைவி டெல்ஃபின் காலையில்தான் டுலூத் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். வெள்ளி மதியம் திரும்புவாள். சனி விடிந்தால் வேட்டைப் பருவம். வடக்குக் காட்டில் ஒரு மரக்குடில், நான்கு கூட்டாளிகள், ஒன்பது நாள்.

"வீடு வீடா இருந்தா நீ போகலாம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "ஏதாவது பாழாயிருந்துச்சு, ஒன்பது நாளும் எங்கம்மாகூட உக்காந்து சீட்டாடணும்."

மாமியார் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். அதைச் சொன்னால் அழவும் செய்வார்.

நார்பர்ட் முதலில் அக்ரூட் பருப்பை உடைத்துத் தேய்த்தார். கீறல் பளபளத்தது. பழுப்பு ஷூ பாலிஷ் தடவினார். இப்போது தெருவிலிருந்தே தெரியும் போலிருந்தது. உப்புத்தாளை எடுத்தார். பாலிஷ் போயிற்று, கீறல் போயிற்று, நாற்பது வருஷ மெருகும் போயிற்று. தேன் நிறத் தரையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வெளுப்பு.

புதன் காலை வாடகைக் கடைக்குப் போனார். தரை தேய்க்கும் மெஷினைக் காட்டிய டுவேன், "எவ்வளவு இடம்?" என்றான்.

"ஒரு தட்டளவுதான்."

டுவேன் சிரிக்கவில்லை. "எல்லாரும் தட்டுலதான் ஆரம்பிக்கிறாங்க. மூணு நாளைக்கு எழுதட்டுமா?"

"அரை நாள் போதும். அதுக்குத் தகுந்த மாதிரி வாடகையைக் குறை."

"குறைச்சாப் போச்சு. நீ எப்படியும் நாளைக்கு வருவே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. உருளை சுத்தும்போது நிக்காதே. நடந்துக்கிட்டே இரு. நின்னா குழி."

நார்பர்ட் நடந்தார். நன்றாகவே நடந்தார். பையில் போன் அதிர்ந்தது. டெல்ஃபின். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள்.

"என்ன சத்தம் அது?"

"வீட்டைக் கூட்டறேன். குப்பை உறிஞ்சற மெஷின்."

"நீயா?"

"ஏன், நான் கூட்டக் கூடாதா?"

"தாராளமா. முப்பது வருஷத்துல முதல் தடவையாச்சே, அதான் ஒரு தடவை காதால கேட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டுக் குனிந்தார். உருளை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில், மான் படுத்து எழுந்துபோன மாதிரி ஒரு பள்ளம்.

பள்ளத்தைச் சமப்படுத்த அறை முழுவதையும் தேய்க்க வேண்டியதாயிற்று. அறை முடிந்தபோதுதான் அடுத்த சனியன் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து ஆட்கள் அறைகளுக்கு நடுவே நிலைப்படி வைக்காமல், சாப்பாட்டு அறையிலிருந்து நடைவழி, அங்கிருந்து வரவேற்பறை என்று ஒரே ஓட்டமாகப் பலகையை ஓட்டியிருந்தார்கள். எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு கோடு விழும்.

வியாழன் விடிந்ததும் கடைக்கு ஓடினார். டுவேன் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். 'மூன்று நாள்' என்று நேற்றே எழுதியிருந்தது.

மதியத்துக்குள் மூன்று அறையும் தேய்த்து, முதல் பூச்சு. மாலையில் இரண்டாவது. ஜன்னலைத் திறந்தால் நவம்பர் குளிரில் வார்னிஷ் காயாது. மூடினால் தலை சுற்றியது. பாதி திறந்து வைத்துக்கொண்டு, தொப்பி போட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மறுபடி போன்.

"மழை வரும்போல இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கே வந்துடறேன்."

"அவசரமே இல்ல. தங்கச்சி வருத்தப்படப் போறா."

"அவளே போகச் சொல்றா."

வெள்ளி ஒன்பது மணிக்குத் தரையில் வைத்துப் பார்த்த கட்டைவிரல் ஒட்டியது. பத்துக்கும் ஒட்டியது. பத்தே முக்காலுக்கு ஒட்டவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது, கடைசிக் கதவோரத்தில் தரை காய ஊதிக்கொண்டிருந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

டெல்ஃபின் வாசலிலேயே நின்றாள். ஷூவைக் கழற்றினாள். காலுறையோடு மூன்று அறையிலும் மெல்ல நடந்தாள்.

நான்கு பொய்கள் தயாராக இருந்தன. இருப்பதிலேயே உசத்தியான சரக்கை எடுத்து வைத்தார். "உனக்காகத்தான். சொல்லாம செய்யணும்னு நெனச்சேன்."

"தரையைப் புதுசாக்கச் சொல்லிப் பதினோரு வருஷமா கேட்டேன். நம்ம காலம் வரைக்கும் தாங்கும்னு சொன்னியே."

"மனசு மாறிடுச்சு."

அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். "கிளம்பு. மான் காத்துக்கிட்டிருக்கும்."

ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டை வண்டிக்குள் எறிந்தார் நார்பர்ட். சொத்தைக் கத்தரிக்காயை முழு விலைக்குத் தள்ளிவிட்டவனின் மிதப்பு. கீறலை விற்று, பெயரும் வாங்கி, ஒன்பது நாளும் வாங்கியாயிற்று. சீட்டிகூட வந்தது.

பக்கத்து வீட்டு ஹாரியட் வேலிக்கு மேலாக ஒரு சின்ன உறையை நீட்டினாள்.

"நார்பர்ட், இதை டெல்ஃபின்கிட்ட குடுத்துடு. தரை கீறாம இருக்க அலமாரிக் கால்ல ஒட்டியிருந்த கம்பளி வில்லை நாலும் உள்ள இருக்கு. 'புதுத் தரை ஆனதும் திரும்ப ஒட்டிக்கறேன், அதுவரைக்கும் பத்திரமா வெச்சிரு'ன்னு செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்பறப்போ உரிச்சுக் குடுத்துட்டுப் போனா."