மைனஸ் தம்பியும் மீன் பெட்டியும்

புதுச்சேரியிலேயே தன் உடம்பைக் கண்டு இவ்வளவு பயந்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. உப்பளம் ஏரியாவில் எங்கள் ஆபீஸில், எனக்கு அடுத்த மேஜைக்காரர். நாங்கள் வைத்த பெயர் மைனஸ். என்னை அக்கா என்பார், எனக்கு அவர் தம்பி.

ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டு கிலோ குறைத்தவர். காலையில் வணக்கத்துக்குப் பதிலாக "மைனஸ் இருநூறு" என்பார். கிராம் கணக்கு. முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று அதையும் சேர்த்துக்கொண்டார். பேன்ட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் பின்பக்கத்துப் பாக்கெட் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இன்னும் பிடித்தால் ஒரே பாக்கெட்தான் என்று டெய்லர் கைவிரித்துவிட்டார்.

எல்லாம் கல்யாணத்துக்காக. குண்டாக இருந்தபோது பெண் வீடுகளில் பஜ்ஜி கொடுத்து அனுப்பியதோடு சரி. இளைத்த பிறகு போனால், மாப்பிள்ளைக்குச் சுகரா என்றார்கள். நம் ஊரில் ஒருவன் இளைத்தால் ஒன்று வியாதி, இல்லை காதல் தோல்வி. சந்தோஷமாக இளைத்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போதுதான் செல்வியின் வரன் வந்தது. சொந்தமாக மீன் வியாபாரம். லீவெல்லாம் போட முடியாது, பார்ப்பதென்றால் காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிக்கு அப்பா அம்மா இல்லை. பெரியவர்கள் தரப்பில் நான் அவர் பைக்கில் ஏறிப் போனேன்.

செல்வி இவரை ஏற இறங்கப் பார்த்தார். டெம்போ கிளம்பத் தயாராக நின்றது. ஐஸ் போட்ட மீன் பெட்டியைக் காட்டி, அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னார். தம்பி பிடித்தார். பெட்டி அசையவில்லை. இவர்தான் வழுக்கிக்கொண்டு போனார்.

செல்வி சிரிக்கவில்லை. அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு," என்றார். "ஆனா பொட்டி தூக்க ஒரு கை வேணும். மூணு மாசம் பொறுக்கிறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "அக்கா, எனக்கு இவங்கதான் வேணும்."

ஜிம்மில் சேர்ந்தார். நன்றாகச் சாப்பிடு, பளு தூக்கு, எடை ஏறினால் நல்லது என்றார் மாஸ்டர். கடைசிச் சொல் மட்டும் தம்பியின் மண்டைக்குள் இறங்கவில்லை. நாலு முட்டை தின்பார். தின்ற பாவத்துக்கு பீச் ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார். தின்றதையெல்லாம் கரைத்துவிட்டால் சதை வானத்திலிருந்தா விழும் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

முதன்முதலாக அரை கிலோ ஏறிய அன்று வீட்டு எடை மெஷினில் பழுது என்று முடிவு செய்து ஆபீஸுக்கே தூக்கி வந்துவிட்டார். எங்களை வரிசையாக ஏற்றிப் பார்த்தார். சூப்பரிண்டெண்ட் மேடம் ஏறி இறங்கியதும் செக்ஷனே ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டது. மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. "மைனஸ் மைனஸ் ஐநூறு," என்றார் தம்பி, எழவு வீட்டுக் குரலில். பிளஸ் என்கிற சொல் வாயில் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, அந்தப் பொண்ணு உன்ன எடையா போட்டா? பொட்டியத்தான தூக்கச் சொன்னா?"

மெஷினைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் பித்துப் பிடித்தவர்போல் இருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் கேனைத் தூக்க ஆரம்பித்தார். தாகமே இல்லாதவர்களுக்கெல்லாம் தண்ணீர் வந்தது. மேடத்தின் மேஜையைச் சுற்றி ஆறு கேன். காலையில் "இன்னிக்கு எட்டு கேன், அக்கா," என்றபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் கிராமை மறந்திருந்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில் மறுபடி துறைமுகம். செல்வி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தம்பியின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. நான் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பெட்டி எழுந்தது, டெம்போவில் போய் உட்கார்ந்தது.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டார். "ஏறுங்க, மார்க்கெட்டுக்கு நேரமாச்சு."

ஏறிவிட்டார். அக்கா என்று ஒருத்தி நிற்பதே ஞாபகம் இல்லை. பைக் சாவியும் அவர் பாக்கெட்டோடு போய்விட்டது. திட்டிக்கொண்டேதான் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆபீஸ் வரும்வரை, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.