பத்தொன்பது மான்களும் ஒரு முழங்காலும்

விஸ்கான்சினில் ஒருவருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்தால் சர்க்காரே மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டைத் தந்து கௌரவிக்கிறது. பாலாடைக்கட்டிக்கு மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆர்லன் ப்ரோச்னோவுக்குக் கம்பெனிக் காப்பீடும் இருந்தது. காப்பீடு இரண்டு, கெட்டுப்போன முழங்கால் ஒன்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டை மாற்றியே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் முதலில் செலவை ஏற்பது என்பது மட்டும்தான் பாக்கி. கம்பெனிக் காப்பீட்டில் கேட்டால், மெடிகேரைக் கை காட்டினார்கள்; மெடிகேரில் கேட்டால், கம்பெனியைக் கை காட்டினார்கள். கடைசியில் விஷயம் மாவட்டத் தலை எண்ணிக்கை அலுவலகத்துக்குப் போனது.

"இருபது பேர் இருந்தா கம்பெனி முதல்ல. ஒருத்தர் குறைஞ்சாலும் மெடிகேர் முதல்ல. நீங்க எத்தனை பேரு?" என்றார் அதிகாரி ஹால்வர்சன்.

"என்னையும் முதலாளியையும் சேர்த்துச் சரியா இருபது சார்."

"நீங்க சொன்னா ஆச்சா? எண்ணிப் பார்க்கணும்ல!"

அவர் எண்ண வந்தது மான் வேட்டை தொடங்கிய முதல் திங்கட்கிழமை. கம்பெனியில் ஈ காக்கை இல்லை. முழங்கால் வலியால் மரத்தில் ஏறிப் பதுங்க முடியாத ஆர்லன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க எங்க?"

"மானுக்குப் போயிருக்காங்க."

"முதலாளி?"

"அவர்தான் முதல் ஆளா கிளம்பினார்."

"படிவத்துல மானுக்கு இடமில்லையே! கண்ணுக்குத் தெரியுற தலையைத்தான் எழுத முடியும்."

"அடுத்த வாரம் வந்து எண்ணுங்களேன், புண்ணியமாப் போகும்."

"எப்படி வர்றது? நாளையிலிருந்து நானும் வேட்டைக்கு லீவு போட்டிருக்கேன்!"

பத்தே நாளில் உத்தரவு வந்தது. 'மேற்படி நிறுவனத்தில் மொத்தத் தலை ஒன்று. எனவே தொழிலாளியும் முதலாளியும் தாங்களே. யாருக்கு எந்தக் காப்பீடு என்பதை முதலாளி என்ற முறையில் தாங்களே எண்ணித் தேர்ந்து தெரிவிக்கவும். அதுவரை அனைவரின் காப்பீடும், தங்கள் முழங்காலும் நிலுவையில் வைக்கப்படுகின்றன.'

"அட படுபாவிகளா!" என்று ஆர்லன் வாய்விட்டே கத்தினார். அவர் மனைவி வெர்னா சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். கையில் ஆளுக்கொரு மான்கறிப் பொட்டலம். வரிசையின் முதலில், கன்னத்தைப் பிடித்தபடி பழைய முதலாளி ரஸ்ஸல்.

"ஆர்லன், பல்லு உயிர் போகுதுய்யா. என் காப்பீட்டுக்குச் சட்டுனு ஒரு கையெழுத்துப் போடு."

ஆர்லனுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவருக்காக யாரும் இப்படி நின்றதில்லை.

"மொத்தம் எத்தனை பேரு?"

"பத்தொன்பது பேருதான்னு உனக்கே தெரியுமேய்யா!"

"நீங்க சொன்னா ஆச்சா? எண்ணிப் பார்க்கணும்ல," என்றார் ஆர்லன். "போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

அன்றைக்கெல்லாம் அவருக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.